மயிலாப்பூரில் ஒரு முழு நாள்: காலை நடை, மெஸ் சாப்பாடு, மாலை நாடகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நாளை ஒதுக்கி, காலையில் காலாற நடந்து, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, மாலையில் ஒரு தமிழ் நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்ப நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் மயிலாப்பூரையும் அதை ஒட்டிய ஆழ்வார்பேட்டையையும் பற்றியவை. நேரமும் விலையும் மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நாடகத்திலிருந்து. அன்றைய நாளில் நேரம் மாறாதது அது ஒன்றுதான். முதலில் நாடகத்துக்கு டிக்கெட் எடுங்கள், பிறகு நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். 7 மணி நாடகம் என்றால் 6:30-க்கு அரங்க வாசலில் இருக்க வேண்டும். அதற்கு 5:45-க்கு டிபன் முடிந்திருக்க வேண்டும். அதற்கு மதியச் சாப்பாடு 1 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். இப்படி எண்ணிக்கொண்டே போனால் காலை நடை 6 மணிக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் பார்க்க எட்டு இடம் குறித்துக்கொண்டு, மூன்று மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, கால் வலியோடு சபாவுக்குள் நுழைகிறார்கள். குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் கண் சொக்கிவிடுகிறது. நாடகம் பார்க்கத் தெம்பு மிச்சம் இருக்கும்படி நடப்பதும் சாப்பிடுவதும்தான் இந்த நாளின் சூட்சுமம்.

ஏன் மயிலாப்பூர்?

கோயில், குளம், தேவாலயம், கடற்கரை, மெஸ், சபா எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும் பேட்டை சென்னையில் வேறு இல்லை. கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், பக்கத்திலேயே சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, சற்றுத் தள்ளி முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், அதையும் தாண்டினால் டி.டி.கே. சாலையில் நாரத கான சபா. குளக்கரையிலிருந்து நாரத கான சபாவுக்கு மட்டும் ஆட்டோவில் போனால் போதும், மற்றவற்றுக்கு நடந்தே போய்விடலாம்.

எந்த மாதம், எந்தக் கிழமை நல்லது?

நடப்பதற்கு ஜனவரியும் பிப்ரவரியும் அருமை. நாடகம் பார்ப்பதற்கு ஏப்ரலும் மே மாதமும். அந்த இரண்டு மாதங்களில்தான் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பின் கோடை நாடக விழா நடக்கும், புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறும். வெயிலுக்குப் பயந்து அதைத் தவறவிட வேண்டாம். காலை நடையை 8:30-க்குள் முடித்துக்கொண்டு நண்பகலில் உள்ளே அடங்கிவிட்டால் கோடையிலும் இந்த நாள் நன்றாகவே போகும்.

டிசம்பரில் வருவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மார்கழி சீசனில் பெரிய சபாக்களின் மாலை நேரம் கச்சேரிகளுக்குப் போய்விடும், நாடகம் கிடைப்பது அரிது. அதற்கு ஈடாக, விடியற்காலையில் மாட வீதிகளைச் சுற்றி வரும் பஜனையும் சபா கேன்டீன்களின் இலைச் சாப்பாடும் கிடைக்கும். பாபநாசம் சிவன் முன்நின்று நடத்திய மார்கழி பஜனையின் தொடர்ச்சி அது.

கிழமையைப் பொறுத்தவரை சனிக்கிழமை முதல் தேர்வு. நாடகங்கள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கின்றன, மறுநாள் ஓய்வும் கிடைக்கும். பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள். பிரதோஷத்தன்று மாலை 4:30-க்கு மேல் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நகர இடம் இருக்காது. பங்குனிப் பெருவிழாவில் 7-ஆம் நாள் தேரும் 8-ஆம் நாள் அறுபத்துமூவரும் வரும். அந்த இரண்டு நாளும் மயிலாப்பூர் முழுக்கத் திருவிழாதான். அதைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு நாள் வாருங்கள், நாடகத்தோடு சேர்க்காதீர்கள்.

எப்படி வந்து சேர்வது? காரை எடுத்து வரலாமா?

பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்குவது எளிது. கடற்கரை, வேளச்சேரி இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. நிலையத்தை விட்டு வெளியே வந்து லஸ் முனை போய், ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கே நடந்தால் ஏறத்தாழ 10 நிமிடத்தில் குளம். பேருந்தில் வருவதானால் லஸ் அல்லது மயிலாப்பூர் குளம் நிறுத்தம். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கார் வேண்டாம். மாட வீதிகளில் நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதால் லஸ், கச்சேரி சாலை, மந்தைவெளிப் பக்கம் தடுப்புகளும் ஒருவழி மாற்றங்களும் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு ஆண்டு பழைய வழியை நம்பி வருபவர்கள் லஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து அரைமணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

காலை நடைக்கு எந்த வழி?

6 மணிக்கு லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் தொடங்குங்கள். அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய பூங்கா இது. அந்த நேரத்தில் நடைபயிற்சிக்காரர்களும், பெஞ்சில் பேப்பர் படிப்பவர்களும், அரசியல் பேசும் குழுக்களுமாகப் பூங்கா முழு வேகத்தில் இருக்கும். இரண்டு சுற்று போதும்.

அங்கிருந்து லஸ் தேவாலயத்துக்குப் போங்கள். கல்வெட்டு சொல்லும் ஆண்டு 1516. சென்னையில் இன்றும் நிற்கும் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. சுற்றிலும் மரம் அடர்ந்திருந்த காலத்தில் ஊரார் வைத்த ‘காட்டுக் கோயில்’ என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சின்னக் கட்டடம்தான். உள்ளே பூசை நடந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள்.

பிறகு லஸ் முனை வழியாகக் குளத்தின் மேற்குக் கரை. கபாலீசுவரர் மேற்கு நோக்கிய சுவாமி, அதனால் குளமும் மேற்கில். உயரமான ராஜகோபுரமோ கிழக்கில். குளத்தின் இந்தக் கரையில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் கோயிலும் அதற்குப் பின்னால் கோபுரமும் ஒரே பார்வையில் விழும். காலை 7 மணிக்குச் சூரியன் கோபுரத்தின் பின்னால் இருக்கும் என்பதால் படம் எடுத்தால் கோபுரம் இருட்டாகத்தான் விழும். படம் வேண்டுமென்றால் மாலை 4:30-க்கு மேல் இதே இடத்துக்கு வாருங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்.

அடுத்து தெற்கு மாட வீதி, கிழக்கு மாட வீதி, வடக்கு மாட வீதி என்று சுற்றி வாருங்கள். தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் இந்நேரம்தான் கூடை பிரிக்கும். வாழைப்பூவை ஆய்ந்து வைத்திருப்பார்கள், மாங்காய் இஞ்சியும் பச்சை மிளகுக் கொத்தும் மற்ற பேட்டைகளைவிட இங்கே சுலபமாகக் கிடைக்கும். வாங்க ஆசையாக இருந்தாலும் பை தூக்கி நடக்கும் நாள் இது இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இது வரைக்கும் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

கோயிலுக்குள் எதைப் பார்ப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?

45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ராஜகோபுரம் ஏறத்தாழ 120 அடி, 1906-இல் எழுப்பியது. அதன் சுதைச் சிற்பங்களைப் பார்க்க, வாசலுக்கு எதிரே தெருவில் பத்தடி பின்வாங்கி நிற்க வேண்டும். உள்ளே கபாலீசுவரரையும் தெற்கு நோக்கிய கற்பகாம்பாளையும் தரிசித்த பிறகு பலர் நேராக வெளியேறிவிடுகிறார்கள். வெளிப் பிரகாரத்தில் தல விருட்சமான புன்னை மரத்தடிக்குக் கட்டாயம் போங்கள். அம்பாள் மயில் உருவில் சிவலிங்கத்தைப் பூசிக்கும் சந்நிதி அங்கே இருக்கிறது, மயிலைக்குப் பெயர் தந்த கதை அது. பூம்பாவைக்கும் தனிச் சந்நிதி உண்டு. பாம்பு தீண்டி இறந்த அந்தப் பெண்ணைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பியதாகச் சொல்வார்கள். அந்தப் பதிகம் தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இந்த ஊர்த் திருவிழாக்களையே வரிசையாக அடுக்குகிறது. அன்று பாடிய விழாக்கள் பல இன்றும் இதே வீதிகளில் நடக்கின்றன.

நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். ‘வெயில் தாழ மதியம் போய்க்கொள்ளலாம்’ என்று ஒத்திப்போட்டவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். பத்து மணிக்கு மேல் பிரகாரக் கல் கால் பொசுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காலை டிபன் எங்கே சாப்பிடுவது?

இந்தக் கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். எங்கள் பதில்: கச்சேரி சாலையிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், உட்கார இடம் குறைவு. இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. பட்டியல் நீளமில்லை, நீளமாக இருக்கத் தேவையும் இல்லை. இலையில் இட்லி விழுந்ததும் கெட்டிச் சட்னியை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். முதல் இட்லியைச் சட்னியோடு மட்டும் சாப்பிட்டால்தான் தேங்காயும் பச்சை மிளகாயும் எந்தப் பதத்தில் அரைபட்டிருக்கின்றன என்று நாக்குக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் அந்த வித்தியாசம் போய்விடும்.

வார இறுதியில் 8 மணிக்கு மேல் வாசலில் காத்திருக்க வேண்டிவரும். 9:30-க்கு மேல் போனால் கேட்டது தீர்ந்திருக்கலாம். அதனால் கோயிலை 8:15-க்குள் முடித்துவிட்டு நேரே இங்கே வருவது நல்லது.

அளவு முக்கியம். மூன்று இட்லி ஒரு வடை, அல்லது ஒரு பொங்கல் ஒரு வடை. பொங்கலும் வேண்டும் இட்லியும் வேண்டும் என்றால் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். நெய்ப் பொங்கல் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு சாந்தோம் வரை நடப்பது கஷ்டம்.

கூட்டம் அதிகமாக இருந்தால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. வடக்கு மாட வீதி சரவண பவனில் எப்போதும் இடம் கிடைக்கும். வயதானவர்களுக்குச் சௌகரியம், கழிவறையும் சுத்தம்.

சாந்தோமுக்கு நடந்தே போகலாமா?

போகலாம். கச்சேரி சாலையில் நேர் கிழக்கே ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான், 20 முதல் 25 நிமிடம். வழியில் டப்பா செட்டிக் கடை. நாட்டு மருந்துச் சரக்குக்கும் பிரசவ லேகியத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வரும் கடை. கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை என்று பெயர் சொல்லி 50 கிராம் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள்.

சாந்தோம் பேராலயத்தில் இன்று நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1896-இல் முடிந்தது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய ஆலயம் இருந்த இடத்திலேயே எழுந்தது. புனித தோமாவின் கல்லறைக்குத் தரைக்குக் கீழே தனி வழி உண்டு. பேராலயத்தைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் போகிறவர்கள் அதிகம், ஆகவே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் கடற்கரை. வடக்கே கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியும். பொதுமக்கள் லிஃப்டில் மேலே போகலாம், திங்கட்கிழமை விடுமுறை. மேலேயிருந்து மெரினா முழுவதும் தெரியும். ஆனால் கோடையில் 10:30 மணி வெயிலில் அதுவரை மணலில் நடக்க வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

11 மணி முதல் 4 மணி வரை என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் இருப்பது இந்த நாளின் ஒரு பகுதி. வீடு மயிலாப்பூருக்கு அருகில் என்றால் திரும்பிப் போய்க் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் படுங்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் ராமகிருஷ்ண மடம் சாலையில் அல்லயன்ஸ் கம்பெனி புத்தகக் கடைக்குப் போகலாம். 1901-இல் தொடங்கிய பதிப்பகம். தி. ஜானகிராமன் காலத்து எழுத்துக்கு முன்னால் மணிக்கொடி இதழைச் சுற்றி எழுதிய தலைமுறை என்ன படித்தது, என்ன எழுதியது என்று தேடுகிறவர்கள் அங்கே நேரம் போவதே தெரியாமல் நிற்பார்கள். கோயில் பக்கம் கிரி டிரேடிங் ஏஜென்சி பூசைச் சாமான், பக்திப் புத்தகம், கொலு பொம்மை என்று ஒரு மணி நேரத்தை விழுங்கும்.

மதியச் சாப்பாட்டை 12:15-க்கே முடித்துவிடுங்கள். 1 மணிக்குக் கூட்டம் ஏறும், பிறகு கூட்டும் பொரியலும் தீர ஆரம்பிக்கும். அன்றைய ஒரே பெரிய சாப்பாடு இதுதான், ஆகவே முழு மீல்ஸ் சாப்பிடலாம். ஒரு யோசனை: சாம்பார் சாதத்தைக் குறைத்து ரசத்துக்கும் மோருக்கும் இடம் விடுங்கள். மாலையில் உடம்பு லேசாக இருக்கும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு?

மாட வீதிகளைச் சுற்றி எல்லாம் சைவம்தான். ராயப்பேட்டை கௌடியா மடம் சாலையில் உள்ள பொன்னுசாமி ஹோட்டலுக்கு ஆட்டோவில் போய்வரலாம். பிரியாணி சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரமாவது ஓய்வு வேண்டும், இல்லையென்றால் மாலை நாடகம் உங்களுக்குக் கனவில்தான் நடக்கும்.

என்ன நாடகம் பார்ப்பது? எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சென்னையில் தமிழ் நாடகம் இரண்டு ஓடைகளாக ஓடுகிறது. ஒன்று சபா நாடகம். ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952-இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ், எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா, 1979-இல் பிறந்த கிரேசி கிரியேஷன்ஸ் என்று நீளும் மரபு. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் ஒத்திகை பார்த்து நடித்தவர்கள் வளர்த்த மேடை இது. நகைச்சுவை, குடும்பக் கதை, சரித்திரம், பக்தி எல்லாம் உண்டு. வசனம்தான் உயிர். கிரேசி மோகன் 2019-இல் மறைந்த பிறகும் அவருடைய நாடகங்களுக்குக் கூட்டம் குறையவில்லை.

இன்னொன்று நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும், பிரளயனின் சென்னைக் கலைக்குழுவும் இந்த வழியில் பெரிய பெயர்கள். இங்கே உடலும் ஒலியும் வெளிச்சமும் வசனத்துக்குச் சமமாக வேலை செய்யும். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற இடங்களில் இத்தகைய நாடகங்களை எதிர்பார்க்கலாம்.

முதல் முறை நாடகம் பார்க்கிறவர்களையும் குடும்பத்தையும் கூட்டிப்போவதானால் சபா நகைச்சுவை நாடகம் நல்ல தொடக்கம். ஏற்கெனவே பல மேடை ஏறிய நாடகமாகப் பாருங்கள். முதல் முறை மேடை ஏறும்போது நடிகர்கள் வசனத்தை நினைவில் வைத்துக்கொள்வதிலேயே குறியாக இருப்பார்கள். பத்து மேடை தாண்டிய பிறகுதான் எந்த இடத்தில் சபை சிரிக்கும், எவ்வளவு நேரம் நிறுத்திவிட்டு அடுத்த வசனத்தைச் சொல்ல வேண்டும் என்பது பிடிபடும். ஆனால் கோடை நாடக விழாவின் அரங்கேற்றத்துக்கு வேறு ருசி உண்டு. குழுவின் பதற்றமும் உற்சாகமும் கடைசி வரிசை வரை தெரியும்.

நிகழ்ச்சி விவரத்துக்கு: நாளிதழ்களின் நிகழ்ச்சிப் பகுதி, உள்ளூர்ச் செய்திக்கு மயிலாப்பூர் டைம்ஸ், சபாக்களின் வாசல் பலகை, குழுக்களின் ஃபேஸ்புக் பக்கம். டிக்கெட்டுக்கு புக் மை ஷோ, எம்டிஎன்டி தளங்கள்.

டிக்கெட் எவ்வளவு? எந்த வரிசை நல்லது?

குழுவையும் அரங்கையும் பொறுத்து 200 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். சபா உறுப்பினர்களுக்கென நடக்கும் காட்சிகளில் வெளியாட்களுக்கு டிக்கெட் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். சில நிகழ்ச்சிகள் ‘அனைவரும் வருக’ என்று அனுமதி இலவசமாக இருக்கும். அவற்றுக்கு 45 நிமிடம் முன்னால் போனால்தான் நல்ல இடம்.

முதல் இரண்டு மூன்று வரிசை பெரும்பாலும் விருந்தினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒதுக்கியிருக்கும். கிடைத்தாலும் கழுத்தை நிமிர்த்தியே பார்க்க வேண்டும். ஐந்தாவது முதல் பத்தாவது வரிசை வரை நடுப்பகுதிதான் சிறந்தது, முகபாவமும் தெரியும், முழு மேடையும் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்தால் சோபாவும் வாசல்படியும் போட்ட வரவேற்பறைக் காட்சிகளில் ஒரு பக்கத் தட்டி நடிகரை மறைக்கும். பின்வரிசையில் மைக் பிடிக்காத வசனம் காற்றில் போய்விடும். மேடையின் முன்பக்கம் தொங்கும் மைக்கை நம்பும் நாடகங்களில், நடிகர் திரும்பி நின்று பேசினால் பின்னால் இருப்பவர்களுக்குப் பாதிதான் கேட்கும்.

எத்தனை மணிக்கு அரங்கில் இருக்க வேண்டும்? நாடகம் எவ்வளவு நேரம்?

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால். லஸ்ஸிலிருந்து டி.டி.கே. சாலைக்கு இரண்டு கிலோமீட்டர்தான், ஆனாலும் மாலை 6 மணி நெரிசலில் ஆட்டோவுக்கு 25 நிமிடம் ஆகிவிடும். நடந்தாலும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

நாடகம் சுமார் இரண்டு மணி நேரம். பலவற்றில் இடைவேளை இருக்காது, இருந்தாலும் பத்து நிமிடம். மணி அடிப்பதற்கு முன் கழிவறை போய் வந்துவிடுங்கள். அரங்கேற்றம், நூறாவது காட்சி போன்ற நாட்களில் சிறப்பு விருந்தினர் பேச்சும் பொன்னாடையும் சேர்ந்து இன்னும் அரைமணி கூடும். இரவு ரயிலைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அடிக்கடி அணைகிறதே, அது ஏன்?

சபா நாடகம் சின்னச் சின்னக் காட்சிகளால் ஆனது. ஒவ்வொரு காட்சி முடிவிலும் விளக்கை அணைத்து, இருட்டில் செட்டை மாற்றுவார்கள். பின்னணி இசை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கருப்பில் உற்றுப் பாருங்கள்: இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஒருவர் டீப்பாயின்மேல் போனை வைப்பார், மேடையில் ஒட்டிய சின்ன அடையாளத்தில் கட்டில் கால் சரியாகப் போய் உட்காரும். விளக்கு வரும்போது வீடு ஆஸ்பத்திரி ஆகியிருக்கும். இது 20 நொடிக்குள் முடிந்தால் சபை கவனம் சிதறாது. ஒரு நிமிடம் இழுத்தால் பேச்சுச் சத்தம் எழும், அடுத்த காட்சியின் முதல் நான்கு வசனம் அதில் அமுங்கிப்போகும். அதனால்தான் இருட்டில் நாமும் பேசாமல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். போன் திரை வெளிச்சமும் இருட்டில் வேலை செய்பவர்களின் கண்ணைக் கூசவைக்கும்.

முடிந்ததும் ஓடாதீர்கள். நடிகர்களோடு செட், ஒளி, ஒப்பனை, இசை பார்த்தவர்கள் பெயரையும் அறிவிப்பார்கள். அவர்களுக்குக் கைதட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு நாடகத்துக்கு முன்பா, பின்பா?

இரண்டிலும் கொஞ்சம். 5 மணிக்கு டிபன். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை இருக்கிறது. பெயருக்கேற்ப வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பஜ்ஜியும் போண்டாவும் கை மாறும், தெருவில் நின்று சாப்பிட வேண்டும். இரண்டு பஜ்ஜியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு மாட வீதிக்கு வந்து காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். நாளிதழும் வார இதழும் விற்கும் கடை, ரோஸ் மில்க்கால் ஊரறியப்பட்டது. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பிறகு குளிர்ந்த பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் காபியோடு முடித்துக்கொள்ளலாம்.

9 மணிக்கு மேல் இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை. பல ஹோட்டல்களில் 10 மணிக்கு மேல் அடுப்பை அணைக்க ஆரம்பிப்பார்கள், ஆகவே நாடகம் தாமதமாக முடிந்தால் நேராக ஹோட்டலுக்குப் போய்விடுங்கள். நாடகத்தைப் பற்றிப் பேசுவதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

ரயில், இரண்டு மூன்று ஆட்டோ, மூன்று வேளைச் சாப்பாடு, நடுத்தர விலை டிக்கெட் எல்லாம் சேர்த்து 2,000 முதல் 2,500 ரூபாய் கையில் இருந்தால் தாராளம். சிறு கடைகளுக்கும் செருப்புக் காப்பகத்துக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிவரலாமா?

பெரியவர்களுக்குப் பூங்காவும் சாந்தோம் நடையும் வேண்டாம். 7 மணிக்கு நேராகக் கோயில், டிபன், வீடு, மறுபடி மாலையில் சபா. ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டு ஓடும் என்று நம்பி வராதீர்கள், ஆட்டோவில் வாருங்கள். அரங்கில் படி ஏற வேண்டுமா, சாய்தளம் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். இருக்கை நடைபாதை ஓரமாக இருக்கட்டும். குளிருக்கு ஒரு சால்வை.

ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நகைச்சுவை நாடகத்தை ரசிப்பார்கள். அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம் இருட்டில் உட்காரவைப்பது அவர்களுக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சிரமம்.

என்ன எடுத்துவர வேண்டும்?

கழற்றி மாட்டச் சுலபமான, பிடிமானமுள்ள செருப்பு. லேஸ் கட்டிய ஷூவோடு வந்தால் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நிமிர வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, மாலைக்கு ஒரு மாற்றுச் சட்டை. காலை வியர்வை ஊறிய உடையோடு குளிர் அரங்கில் உட்கார்ந்தால் மறுநாள் சளி நிச்சயம்.

மயிலாப்பூர் பலமுறை பார்த்தாயிற்று. வேறு பேட்டை சொல்லுங்களேன்?

திருவல்லிக்கேணி. பறக்கும் ரயிலிலேயே அதற்கும் நிலையம் உண்டு. காலையில் பார்த்தசாரதி கோயில், பக்கத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் நினைவு இல்லம், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபேயின் சாம்பார் இட்லி. அங்கே இட்லிமேல் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாலையில் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஏதாவது நாடகம் இருந்தால் நாள் முழுமை. அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய அரங்கு அது, வளைவாக ஏறிச் செல்லும் இருக்கைகள் மேடையை நெருக்கமாகக் காட்டும்.

மழை பெய்தால்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கேள்விக்கு அவசியம் உண்டு. தூறல் என்றால் கோயிலும் டிபனும் போதும், சாந்தோமை விட்டுவிடுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் நாடகம் நடக்கிறதா என்று மதியமே சபாவுக்குப் பேசுங்கள். தண்ணீர் தேங்கினால் நடிகர்களும் செட் வண்டியும்கூட வந்து சேர முடியாது.

நாடகம் முடிந்து வீடு திரும்புவது எப்படி?

பறக்கும் ரயிலில் கடைசி வண்டிகள் 10 மணியை ஒட்டி முடிந்துவிடும் என்பதால் அன்றைய நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாரத கான சபாவிலிருந்து தேனாம்பேட்டை மெட்ரோ நிலையத்துக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம், மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது. அரங்கம் காலியாகும் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டோ செயலியைத் திறப்பதால் கட்டணம் ஏறும். கேன்டீன் திறந்திருந்தால் ஒரு காபி குடித்துவிட்டு, அல்லது டி.டி.கே. சாலையில் 200 மீட்டர் நடந்துபோய் அங்கிருந்து பதிவு செய்யுங்கள். வண்டியும் சீக்கிரம் வரும், கட்டணமும் குறையும்.